வீட்டுத் துப்பாக்கியின் மேல் விழுந்த பழி

குடகில் நெல்லிமண்டக் குடும்பத்தின் தலைவர் கரும்பய்யா, தம் தம்பியின் மனுவைப் பற்றிப் பல வருஷங்கள் வாயே திறக்கவில்லை. தம்பி மொண்ணப்பா பீரங்கிப் படையில் இருந்து, நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்று வந்தவன். வரும்போதே இரண்டு காதும் ஏறக்குறைய அடைந்துபோய்த்தான் வந்தான். ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டான், இல்லை என்றார்கள். மேல்முறையீடு செய்தான், பதிலுக்குக் காத்திருந்தான். இதெல்லாம் கரும்பய்யாவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. அந்த வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களில் ஒருவர் ஒரு காலைக் கொடுத்தார். இன்னொருவர் பர்மாவிலிருந்து திரும்பவே இல்லை. கொடுத்துவிட்டு வந்து வாசலில் நின்று கேட்பது அந்த வீட்டு வழக்கம் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

மொண்ணப்பாவுக்குக் காது கேட்காது என்பதே ஊருக்குத் தெரியாது. பேட்டைக் கடைத்தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான். "சுபேதார் ஆனதும் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்று பேசிக்கொண்டார்கள். கரும்பய்யா அதைத் திருத்தப் போகவில்லை. தலைக்கனம் என்பது அந்த வீட்டில் ஒரு குறையாக எண்ணப்பட்டதில்லை. கல்யாண வீடுகளிலும் குலக் கூட்டங்களிலும் அவர் தம்பியைத் தம் இடப்பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அவன் 'ஆமாம்' சொல்ல வேண்டிய இடத்தில் அவன் முழங்காலை விரலால் மெல்லத் தட்டுவார். தம்பி தலையாட்டுவான். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

காபிப் பழம் களத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் மொண்ணப்பா ஒரு கடிதத்தோடு வந்தான். பேசாமல் நீட்டினான். கரும்பய்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்த இடத்தையே மறுபடி படித்தார். மனுதாரர் சிறு வயது முதல் தம் பூர்வீக வீட்டில் துப்பாக்கி சுட்டுப் பழகியவர் என்று மருத்துவக் குழுவிடம் அவரே கூறியிருக்கிறார். ஆகவே இந்தச் செவிக்குறை படைப்பணியால் ஏற்பட்டதும் அல்ல, படைப்பணியால் அதிகமானதும் அல்ல என்று அதில் இருந்தது.

அவர் முகம் சிவந்தது. கடிதத்தை மடித்துக்கொண்டு, தம்பி உதட்டைப் பார்க்க வசதியாக வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்றார்.

"இதுல நம்ம வீட்டுத் துப்பாக்கி எங்கடா வந்துச்சு?"

"அந்த டாக்டர் கேட்டாரு அண்ணா. பட்டாளத்துக்கு வெளியில துப்பாக்கி சுட்டதுண்டான்னு." மொண்ணப்பாவுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. களத்தில் பழம் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசு. நீ என்ன சொன்ன?"

"குடகுக்காரன்கிட்ட கேக்கிற கேள்வியா சார் இதுன்னேன். நாங்க நடக்கப் பழகுறதுக்கு முன்னாடி துப்பாக்கி பிடிக்கப் பழகுவோம்னேன். எங்க வீட்டுத் துப்பாக்கி சும்மா தூங்கினதே இல்லன்னேன்."

"அவரு?"

"சிரிச்சாரு. சபாஷ்னாரு. எழுதிக்கிட்டாரு."

அந்த டாக்டர் முன்னால் தாம் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று கரும்பய்யாவுக்குத் தெரிந்திருந்தது. உண்மையில் அந்தத் துப்பாக்கி வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நடுக்கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பழைய இரட்டைக்குழல். அதை எடுத்துத் துடைப்பதுதான் அதிகம், சுடுவது குறைவு. ஆனால் அதை வெளியாளிடம் யார் சொல்வார்கள்?

"எட்டு மைல் தூரம் கேக்கிற பீரங்கிகிட்ட நின்னவன் காது, சுவத்துல தொங்குற துப்பாக்கியால போச்சுன்னு எழுதுறான்" என்றார். "பாட்டன் கை பட்ட துப்பாக்கி மேல பழி போடுறான்."

"எனக்குப் பணம் பெரிசில்ல அண்ணா." மொண்ணப்பா குரலைத் தாழ்த்த முயன்றான்; முடியவில்லை. "என் காது எங்க போச்சுன்னு அவங்க வாயால சொல்லணும். அவ்வளவுதான்."

"இன்னும் யார்கிட்ட போகலாம்?"

"கொச்சியில ராணுவத் தீர்ப்பாயம் இருக்கு. அதுதான் மிச்சம்."

"வக்கீலப் பாரு. நானும் வரேன்" என்றார் கரும்பய்யா. "உனக்காக இல்ல. துப்பாக்கிக்காக."

*

கொச்சி வக்கீல் சாராம்மா குரியன் பட்டாளத்துக்காரர்களின் வழக்குகளை மட்டுமே எடுப்பவர். ஐம்பது வயதிருக்கும். கணவர் கடற்படையில் இருந்தவர். கரும்பய்யாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதான் துப்பாக்கியோட சொந்தக்காரரா?" என்றார்.

"துப்பாக்கி குடும்பத்தோடது. நான் காவல்."

"சரி, காவல்காரரே. உங்க தம்பி மாதிரி ஆளுங்கள நான் நெறையப் பாத்திருக்கேன். பஞ்சாபிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. முட்டி தேஞ்சுபோச்சு. எப்படிப் போச்சுன்னு குழு கேட்டதுக்கு, நான் எங்க ஊரு கபடிப் புலின்னு சொல்லிட்டு வந்திருக்காரு. முடிஞ்சுது. நீங்கல்லாம் டாக்டர்கிட்டயா போறீங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?"

மொண்ணப்பா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்து, சற்றுத் தாமதமாகச் சிரித்தான். கரும்பய்யா சிரிக்கவில்லை.

"துப்பாக்கி விஷயத்துல நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் குடுங்க சார். எப்பெப்ப சுடுவீங்கன்னு உள்ளத உள்ளபடி. ஒருவேளை உங்களையே கூப்பிட்டுக் கேக்கலாம். கேட்டா கூட்டியும் சொல்லக்கூடாது, கொறைச்சும் சொல்லக்கூடாது."

"எங்களுக்குக் கொறைச்சுச் சொல்லிப் பழக்கமில்ல."

"அதான் பிரச்சினையே." சாராம்மா கோப்பைப் புரட்டினார். "துப்பாக்கிய விட எனக்குப் பெரிய கவலை வேற. இவரு சர்வீஸ்ல இருந்த வரைக்கும் காது கேக்கலன்னு ஒரு தடவ கூட ஆஸ்பத்திரிக்குப் போகல. வருஷா வருஷம் பரிசோதனையில பாஸ். அது எப்படி சுபேதார் சாப்?"

மொண்ணப்பா கையை விரித்தான். "பின்னால நின்னு டாக்டர் மெல்லப் பேசுவாரு, நாம திருப்பிச் சொல்லணும். எதிர நிக்கிற கூட்டாளி ஜாடை காட்டுவான். குறை இருக்குன்னு எழுதிட்டா பீரங்கிகிட்டேர்ந்து எடுத்து ஸ்டோர்ல போட்டுடுவாங்க. பதவி உயர்வு போயிடும்."

"ரொம்ப நல்ல காரியம்." சாராம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? வேலையில இருக்கும்போது காது நல்லா இருந்துச்சு, கடைசி நாள்லதான் திடீர்னு போச்சுன்னு சொல்லும். வேலையில இருக்கும்போதே காது போச்சுன்னு சொல்ல யாராவது இருக்காங்களா? கண்ணால பாத்தவங்க? எந்த ஒரு சம்பவமாவது?"

மொண்ணப்பா அண்ணனைப் பார்த்தான். கரும்பய்யா ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு தென்னை மரத்தைத் தவிர பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்ல மேடம்" என்றான் மொண்ணப்பா, தேவைக்கு மேல் சத்தமாக.

*

சம்பவம் ஒன்று இருந்தது. அது இருவருக்கு மட்டும் தெரியும்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், மொண்ணப்பா ராஜஸ்தானில் இருந்தபோது, அவன் மனைவி தேச்சம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை. அவன் வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தார்கள். வீட்டுத் துப்பாக்கியால் போட வேண்டிய சாவு வெடியையும் அவனுக்காகவே நிறுத்திவைத்திருந்தார் கரும்பய்யா. முன்னால் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் புருஷன் வீட்டில் இல்லாதபோது அவளுக்கான வெடி போடுவது அவர் மனதுக்குச் சரியாகப் படவில்லை.

அவன் வந்தான். உடுப்பைக் கூட மாற்றாமல் நடுக்கூடத்தில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். கரும்பய்யா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு களத்தின் ஓரத்துக்கு இறங்கிப் போய், வானத்தைப் பார்த்து ஒன்று, அது அடங்குவதற்குள் இன்னொன்று போட்டார். அந்தச் சத்தத்தில்தான் ஒரு ஊர் தன் ஆள் போனதை அறியும். வீட்டுக்குள் பெண்கள் ஓலமிட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் கிளம்பி வரத் தொடங்கினார்கள்.

அப்போது மொண்ணப்பா வீட்டிலிருந்து இறங்கி அவரிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஏன் அண்ணா இன்னும் போடல?" என்றான். "நான்தான் வந்துட்டேனே. அவளுக்குப் போடுண்ணா."

புகை அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தது. கரும்பய்யா தம்பியின் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் துப்பாக்கிக் குழலின் மேல் வைத்தார். குழல் சூடாக இருந்தது. மொண்ணப்பா கையை எடுக்கவில்லை. முகம் மட்டும் மெல்ல மெல்ல மாறியது.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார் கரும்பய்யா, அவன் முகத்துக்கு நேராக. "பொண்டாட்டி சாவு வெடி புருஷன் காதுல விழலன்னு ஒரு பேச்சு நம்ம வீட்டைப் பத்தி வரக்கூடாது. அவ அநாதை மாதிரி போனான்னு சொல்லுவாங்க. புரியுதா?"

அவன் தலையாட்டினான். ஆட்கள் வந்துவிட்டார்கள். இருவரும் திரும்பி நடந்தார்கள். அன்றிலிருந்துதான் முழங்காலைத் தட்டும் பழக்கம். அந்த வெடியைப் பற்றி அதற்குப் பிறகு அவர்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

*

மழை பிடித்துவிட்ட ஆனி மாதத்தில் வழக்கு வந்தது. கரும்பய்யா குலத் தலைவருக்கான உடுப்பில் கிளம்பினார். கறுப்பு நீளச் சட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டுக் கச்சை, அதில் வெள்ளிப் பிடி போட்ட பீச்சேகத்தி. மாக்கூட்டம் மலையிறங்கி, கண்ணூரில் ரயிலேறி, கொச்சி வரைக்கும் அந்த உடுப்பில் கசங்காமல் வந்தார். ரயிலில் எதிரே இருந்த குழந்தை இறங்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டு வந்தது.

தீர்ப்பாயத்து வாசலில் நின்ற காவல் சிப்பாய் கையை நீட்டித் தடுத்தான்.

"கத்தி உள்ள போகாது தாத்தா."

"இது கத்தி இல்ல. உடுப்பு."

"உடுப்புல கூர் இருக்கே."

"இதோட நான் கவர்னர் முன்னால நின்னிருக்கேன்."

"கவர்னர் இங்க இல்லையே தாத்தா. நான்தான் இருக்கேன்."

சாராம்மா கறுப்பு அங்கி பறக்க ஓடிவந்தார். "சார், நீங்க சாட்சி சொல்ல வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா? கழட்டிக் குடுங்க. நேரமாச்சு."

கரும்பய்யா கழற்றினார். கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார். கச்சையில் கத்தி இருந்த இடம் தொளதொளவென்று கிடந்தது. அதை இறுக்கிக்கொள்ளப் பார்த்தார், சரியாக வரவில்லை. அப்படியே உள்ளே போனார்.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற நீதிபதி. வெள்ளை முடி, களைத்த கண்கள். மற்றவர் ஓய்வு பெற்ற ஜெனரல். அரசுத் தரப்பில் ஒரு இளைஞன், நல்ல பணிவு. மொண்ணப்பா பின்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கால் எட்டாத தூரத்தில் கரும்பய்யா நின்றார்.

பிரமாணப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு ஜெனரலே நேராகக் கேட்டார்.

"உங்க வீட்டுத் துப்பாக்கியை எப்பெப்ப சுடுவீங்க?"

"ஆம்பளைப் புள்ள பொறந்தா ஒண்ணு. ஆள் செத்தா ரெண்டு. புத்தரியில புதுக்கதிர் அறுக்கும்போது ஒண்ணு. ஆயுதம் கும்பிடுற கைல்பொளுது அன்னிக்குத் தேங்காய் கட்டி வச்சு ஆளுக்கு ஒண்ணு. அதுவும் பாதிப் பேருக்குப் படாது."

"வேட்டை?"

"சட்டம் வேண்டாம்னு சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டோம்."

ஜெனரல் மீசைக்குள் சிரித்தார். "அப்போ இந்தச் சத்தத்துல காது போகாதுங்கிறீங்க."

"போகும்னா ஐயா, குடகுல ஒருத்தனுக்கும் காது இருக்காது. கல்யாணப் பேச்செல்லாம் கை ஜாடையிலதான் பேசி முடிச்சிருப்போம்."

அறையில் சிரிப்பு எழுந்தது. கரும்பய்யா திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் பிந்தி, மொண்ணப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அரசுத் தரப்பு இளைஞன் எழுந்தான். "ஐயா, அப்படின்னா துப்பாக்கி சும்மா தூங்கினதே இல்லன்னு உங்க தம்பி மருத்துவக் குழுகிட்டச் சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. பெருமை."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் ஐயா?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான். எழுபது வயது தாண்டிய கரும்பய்யாவிடம் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இளைஞன் மேடையின் பக்கம் திரும்பினான். துப்பாக்கியைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் கூட, பணிக்காலம் முழுவதும் மனுதாரருக்குச் செவிக்குறை இருந்ததற்கு ஒரு குறிப்பும் இல்லை என்றான். கடைசிவரை எல்லாப் பரிசோதனையிலும் தேறியவர், பதவி உயர்வும் வாங்கியவர் என்றான். நீதிபதி சாராம்மாவைப் பார்த்தார்.

"இதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு? வேலையில இருந்தபோதே குறை இருந்ததுன்னு காட்ட ஏதாவது?"

சாராம்மா கோப்பைத் திறந்தார், மூடினார். "சூழ்நிலையை வச்சு மாண்புமிகு அமர்வு ஊகிக்கலாம்..."

"ஊகம் போதாதே அம்மா."

பேனாவை எடுத்து நீதிபதி ஏதோ எழுதத் தொடங்கினார். அந்த எழுத்தில் வழக்கு முடியப்போகிறது என்பது கரும்பய்யாவுக்குப் புரிந்தது. துப்பாக்கி தப்பித்துக்கொள்ளும். அவர் வந்த காரியம் முடிந்தது. தம்பியின் காது மட்டும் எங்கே போனது என்று யாரும் சொல்லாமலே போகும். பின்வரிசையில் அவன் இன்னும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடப்பது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தான், வழக்கம்போல, எப்போது தலையாட்ட வேண்டும் என்று கேட்பதைப்போல.

கரும்பய்யாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

நீதிபதி பேனாவை நிறுத்தினார்.

"இவன் பொண்டாட்டி தேச்சம்மா செத்தப்போ இவன் பட்டாளத்துல இருந்தான். ஓய்வு வாங்க இன்னும் ரெண்டு வருஷம் இருந்துச்சு. லீவுல வந்தான். சாவுக்கு ரெண்டு வெடி போடணும். நான்தான் போட்டேன். களத்து ஓரத்துல. வீட்டுக்குள்ள இருந்த கிழவிங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அடுத்த ஊருக்குக் கேட்டுச்சு." நிறுத்தினார். பின்வரிசையைக் கை காட்டினார். "இவன் எழுந்து வந்து, ஏன் அண்ணா இன்னும் போடலன்னு கேட்டான்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"சுட்ட துப்பாக்கியத் தொட்டுப் பாக்க வச்சேன். அப்புறம்தான் அவனுக்குத் தெரிஞ்சுது. இதை வெளியில சொல்லக்கூடாதுன்னு நான்தான் அவன் வாயை அடைச்சேன். இந்த அம்மா கேட்டப்பவும் அவன் சொல்லல. நான் பக்கத்துல இருந்தேன், அதான் சொல்லல." இளைஞனின் பக்கம் திரும்பினார். "தம்பி, பொய்க்கும் பெருமைக்கும் வித்தியாசம் கேட்டீங்க. எனக்குத் தெரியல."

இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். அறையிலிருந்த எல்லோரும் திரும்பி மொண்ணப்பாவைப் பார்த்தார்கள். அவன் ஏனென்று தெரியாமல் விறைப்பாக எழுந்து நின்றான்.

ஜெனரல் அவனை நேராகப் பார்த்து, உதடு நன்றாகத் தெரியும்படி நிதானமாகக் கேட்டார். "பீரங்கி பக்கத்துல எத்தனை காலம்?"

"சேர்ந்ததுலேர்ந்து கடைசி வரைக்கும் சாப்."

"காதுக்கு என்ன வச்சாங்க?"

"பஞ்சு சாப்."

ஜெனரல் நீதிபதியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். தீர்ப்பு பின்னர் என்று அறிவித்துவிட்டு இருவரும் எழுந்தார்கள்.

*

கரும்பய்யா யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, மழைத்தூறல் படாத ஒரு மரத்தடியில் நின்றார். சற்றுக் கழித்து மொண்ணப்பா வந்தான். கையில் பீச்சேகத்தி.

"கத்தியை வாங்காம வந்துட்ட அண்ணா. நீயா?" என்று சிரித்தான். பிறகு, "உள்ள என்ன சொன்ன? எல்லாரும் என்னையே பாத்தாங்க. மேடம் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க."

கரும்பய்யா நிழலை விட்டு வெளியே வந்தார். தூறல் முகத்தில் பட்டது. தம்பிக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"தேச்சம்மாவுக்குப் போட்ட வெடி உனக்குக் கேக்கலன்னு சொன்னேன்."

மொண்ணப்பா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு போய்விட்டது.

"நீதான சொல்லக்கூடாதுன்ன."

"ஆமா."

வாசலில் சிப்பாய்கள் காவல் மாறிக்கொண்டிருந்தார்கள். மொண்ணப்பா கத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு கேட்டான். இந்த முறை எப்படியோ அவன் குரல் தாழ்ந்தே வந்தது.

"ரெண்டும் நல்லா வெடிச்சுதா அண்ணா?"

இத்தனை வருஷமும் இவன் இதை யாரிடமும் கேட்க முடியாமல் இருந்திருக்கிறான்.

"நல்லா வெடிச்சுது" என்றார். "தோட்டா நனஞ்சிருக்குமோன்னு பயந்தேன். ஆனா ரெண்டும் பட்டுன்னு போச்சு. மொதல் வெடி எதிர் மலையில மோதித் திரும்பி வரதுக்குள்ள ரெண்டாவதும் போயிடுச்சு. கொக்குக் கூட்டம் ஒண்ணு வயல்லேர்ந்து எழும்பிச்சு. நாய்ங்க எல்லாம் குரைச்சுது. ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுடா."

மொண்ணப்பா ஒரு சொல்லும் விடாமல் பார்த்துக்கொண்டான். பிறகு கத்தியை அண்ணனின் கச்சையில் தானே செருகி, கச்சையை இழுத்து இறுக்கினான்.

"சரி. வா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றான்.

*

செய்தி அவர்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. கொச்சியில் வேலை பார்க்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேட்டைச் சந்தையில், வேறு குலத்தைச் சேர்ந்த கிழவர் ஒருவர் கரும்பய்யாவை நிறுத்தி, நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

"என்ன கரும்பய்யா, உங்க மொண்ணப்பாவுக்குப் பொண்டாட்டி சாவு வெடியே கேக்கலையாமே? நாங்கல்லாம் தலைக்கனம்னு நெனச்சோம்."

முன்பு என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். சில உறவுகளும் முறிந்திருக்கும். கரும்பய்யா பைக்குள் இருந்த உப்புப் பொட்டலத்தைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா. கேக்கல. பீரங்கி அவன் காதை வாங்கிக்கிச்சு" என்றார். "தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. அது எங்க வீட்டுது."

ஆவணித் தொடக்கத்தில் சாராம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். மொண்ணப்பாவுக்குத் தொலைபேசி பயன்படாது என்பதால் கரும்பய்யாவின் எண்ணையே கொடுத்திருந்தார்கள். செவிக்குறை படைப்பணியால் ஏற்பட்டதே என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது என்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கரும்பய்யா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "துப்பாக்கியைப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்றார்.

"துப்பாக்கி நிரபராதின்னு எழுதல சார்." சாராம்மா சிரித்தார். "ஒரு குடும்பம் பிறப்பையும் சாவையும் அறிவிக்கச் சுடுறதை, ஒரு ஆளோட காது போனதுக்குக் காரணமாச் சொல்றது நியாயமில்லன்னு எழுதியிருக்காங்க. போதுமா?"

"போதும்" என்றார் கரும்பய்யா. "நல்ல ஆளுங்க."

சில நாள் கழித்துக் கைல்பொளுது வந்தது. நடுக்கூடத்தில் விளக்கின் முன்னால் துப்பாக்கியையும் கத்திகளையும் வரிசையாக வைத்து, குழலில் செங்காந்தள் பூவைச் செருகிக் கும்பிட்டார்கள். பிறகு குலத்து ஆண்கள் களத்துக்கு இறங்கினார்கள். எதிர்ப்பக்கத்து மரக்கிளையில் தேங்காய் கட்டியிருந்தது. வீட்டிலிருந்து பன்றிக்கறி வேகும் மணம் வந்துகொண்டிருந்தது.

மூத்தவர் என்ற முறையில் கரும்பய்யா முதல் வெடி போட்டார். தேங்காய்க்குப் படவில்லை. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடுத்து மொண்ணப்பாவின் முறை. அவன் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டியபடி, வயலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு மருமகன் வாயருகே கை வைத்துக் கூவினான்.

"மாமா! உங்க முறை! மொண்ணப்பா மாமா!"

குலத்து ஆட்கள் எல்லோரும் நின்றிருந்த அந்தக் களத்தில் கரும்பய்யா கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

"கத்தாத. அவனுக்குக் கேக்காது" என்றார். "சுத்திப் போய் முன்னால நின்னு கூப்பிடு."